ஸ்லீவ், பைபாஸ், ஊசி மருந்து: உடல் பருமன் சிகிச்சையை ஹார்மோன்களை வைத்துத் தேர்வது எப்படி?

உடல் பருமனுக்கு அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகு, ஸ்லீவா (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி அகற்றுவது) பைபாஸா (இரைப்பையின் பெரும்பகுதியையும் முன்சிறுகுடலையும் தாண்டி உணவுக்கு மாற்றுப்பாதை அமைப்பது) என்று முடிவெடுக்க முடியாமல் திகைத்து நிற்கும் வாசகர்கள் பலர். அவர்களுடைய கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான்: எதில் எடை அதிகம் குறையும், எதில் ஆபத்து குறைவு, இரண்டையும் விட்டுவிட்டு வாரம் ஒரு முறை போட்டுக்கொள்ளும் ஊசியோடு நிறுத்திக்கொள்ள முடியாதா. முதல் கேள்விக்குத்தான் எல்லோரும் பெரிய இடம் கொடுக்கிறார்கள். எனக்கோ மூன்றில் அதுவே சிறிய கேள்வியாகத் தோன்றுகிறது. பின்லாந்தில் நடந்த ஸ்லீவ்பாஸ் ஆய்வில், பத்து ஆண்டுகள் கழிந்த நிலையில், பைபாஸ் செய்துகொண்டவர்கள் தங்கள் மிகை எடையில் (உயரத்துக்கு ஏற்ற எடைக்கு மேல் இருப்பதில்) சுமார் 51 விழுக்காட்டையும் ஸ்லீவ் செய்துகொண்டவர்கள் சுமார் 44 விழுக்காட்டையும் இழந்திருந்தார்கள். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் ஒருவருடைய வாழ்க்கையைத் திருப்பிப் போடும் அளவுக்கு இல்லை. இவ்விரு அறுவைகளும் உடலின் ஹார்மோன்களைத் தொடும் விதத்தில்தான் பெரிய வேறுபாடு இருக்கிறது. நீரிழிவு, நெஞ்செரிச்சல், எலும்பு, மாதவிடாய், மகப்பேறு ஆகியவற்றில் பின்னாளில் தெரியும் வேறுபாடுகளில் பலவும் அங்கிருந்தே தொடங்குகின்றன.

எதை வைத்து எடைபோடுவது

ஒவ்வொரு வழியையும் நான் ஐந்து கேள்விகளால் அளக்கிறேன். பசியையும் நிறைவுணர்வையும் அது எவ்வளவு மாற்றுகிறது? இன்சுலினையும் சர்க்கரையையும் என்ன செய்கிறது? பாலின ஹார்மோன்கள், தைராய்டு, எலும்பைக் காக்கும் ஹார்மோன்கள் ஆகியவற்றில் அதன் விளைவு என்ன? வாழ்நாள் முழுவதும் அது கேட்கும் விலை, அதாவது மாத்திரைகள், இரத்தப் பரிசோதனைகள், தவிர்க்க வேண்டிய மருந்துகள் எவை? கடைசியாக, ஒத்துவரவில்லை என்றால் திரும்பிவர வழி இருக்கிறதா? ஐந்தாவது கேள்வியை முதல் ஆலோசனையின்போது கேட்பவர்கள் குறைவு. சில ஆண்டுகளுக்குப் பிறகு அதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள்.

உணவுக் கட்டுப்பாட்டால் இறங்கிய எடை ஏன் ஏறுகிறது

அறுவையின் ஹார்மோன் விளைவைப் புரிந்துகொள்ள, அறுவை இல்லாமல் எடை குறையும்போது உடல் என்ன செய்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1994இல் கண்டறியப்பட்ட லெப்டின், கொழுப்புத் திசுவில் சுரந்து, உடலில் எவ்வளவு இருப்பு உள்ளது என்பதை மூளைக்குத் தெரிவிக்கிறது. 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்த கிரெலின், பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில் சுரந்து பசியைத் தூண்டுகிறது. சிறுகுடலின் கடைப்பகுதியிலும் பெருங்குடலிலும் உள்ள செல்கள் சுரக்கும் ஜி.எல்.பி-1, பி.ஒய்.ஒய். ஆகிய இரண்டும் போதும் என்ற உணர்வைத் தருகின்றன, அவற்றில் ஜி.எல்.பி-1 கணையத்திலிருந்து இன்சுலின் சுரப்பதையும் கூட்டுகிறது.

உணவைக் குறைத்து எடையை இறக்கும்போது இவற்றில் பெரும்பாலானவை எடை இறங்கவிடாத திசைக்கே திரும்புகின்றன. கிரெலின் ஏறுகிறது, லெப்டினும் பி.ஒய்.ஒய்.யும் இறங்குகின்றன. ஆஸ்திரேலியாவில் 50 பேரை வைத்து நடத்தி 2011இல் வெளியான ஓர் ஆய்வு, பத்து வார உணவுக் கட்டுப்பாட்டால் ஏற்பட்ட இந்த மாற்றம் ஓராண்டு கழித்தும் நீடித்ததைக் காட்டியது. எடையை மீண்டும் ஏற்றிக்கொண்டவரை மன உறுதி இல்லாதவர் என்று பழிப்பதற்கு முன் இந்த ஒரு முடிவை நினைத்துப் பார்க்கலாம். அறுவை சிகிச்சையின் தனித்தன்மை, எடை குறைந்த பிறகும் இந்த எதிர்ப்பைப் பெருமளவு மட்டுப்படுத்தி வைப்பதுதான்.

ஒரு எச்சரிக்கையும் இங்கே தேவை. ‘பசி ஹார்மோனையே வெட்டி எடுத்துவிடுகிறோம்’ என்று ஸ்லீவைப் பற்றிச் சொல்லும் விளம்பர வாசகம் பாதி உண்மைதான். கிரெலினே சுரக்காத எலிகளுக்கு இந்த அறுவையைச் செய்து பார்த்தபோதும் அவற்றின் எடை மற்ற எலிகளைப் போலவே குறைந்தது. ஜி.எல்.பி-1 ஏற்பி இல்லாத எலிகளிலும் அறுவை வேலை செய்தது. பித்த அமிலங்கள், குடல் நுண்ணுயிர்கள், நரம்புச் சமிக்ஞைகள் என்று பல கைகள் சேர்ந்து இழுக்கும் தேர் இது. ஒரே ஒரு ஹார்மோனைக் காரணமாகக் காட்டி ஒரு சிகிச்சையைப் பரிந்துரைப்பவரிடம் சற்று எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

ஸ்லீவ்: எளிமையும் நெஞ்செரிச்சலும்

இரைப்பையை நீளவாக்கில் வெட்டி, ஏறத்தாழ 75 முதல் 80 விழுக்காடு வரை அகற்றிவிட்டு, மீதியை ஒரு குழாய்போல விட்டுவிடுவதே ஸ்லீவ். குடலில் கை வைப்பதில்லை. அகற்றப்படும் பகுதியில் கிரெலின் மிகுதியாகச் சுரக்கும் மேற்பகுதியும் சேர்ந்திருப்பதால், இரத்தத்தில் கிரெலின் தெளிவாக இறங்குகிறது. குழாயாகிவிட்ட இரைப்பையிலிருந்து உணவு விரைவாகக் குடலுக்குள் இறங்குவதால், உண்ட பின் ஜி.எல்.பி-1, பி.ஒய்.ஒய். இரண்டும் முன்பைவிட உயர்கின்றன. பைபாஸில் காணும் அளவுக்கு அந்த உயர்வு இருப்பதில்லை.

குடல் இயல்பாகவே இருப்பதால் சத்துக்குறை ஒப்பீட்டளவில் குறைவு. மாத்திரைகள் உட்கவரப்படுவதிலும் குழப்பம் குறைவு. வலிப்பு, மனநலம், உறுப்பு மாற்று ஆகியவற்றுக்காகத் தினமும் துல்லியமான அளவில் மருந்து எடுத்தாக வேண்டியவர்களுக்கு இது சிறிய சலுகை அல்ல. மூட்டு நோய்க்காக வலி நிவாரணிகளை நீண்ட நாள் எடுத்தாக வேண்டியவர்களும் இந்தப் பக்கம் சாய்வதே வழக்கம். பைபாஸில் குடல் இணைப்பில் புண் வருவதற்கு அம்மருந்துகளும் புகைப்பழக்கமும் முக்கியக் காரணங்கள்.

மறைந்திருக்கும் விலை நெஞ்செரிச்சல். குறுகிய குழாய்க்குள் அழுத்தம் கூடி, அமிலம் உணவுக்குழாய்க்கு ஏறுகிறது. முன்பே சொன்ன பின்லாந்து ஆய்வில் பத்தாண்டு முடிவில் உணவுக்குழாய் அழற்சி ஸ்லீவ் பிரிவில் 31 விழுக்காட்டினரிடமும் பைபாஸ் பிரிவில் 7 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. ஏற்கெனவே எதுக்களிப்புக்காக நாள்தோறும் மாத்திரை விழுங்குபவர், ‘எடை குறைந்தால் அதுவும் சரியாகிவிடும்’ என்ற ஆறுதலை நம்பி ஸ்லீவுக்கு ஒப்புக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. எடுத்த இரைப்பையைத் திரும்ப வைக்க முடியாது என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆனால் தேவைப்பட்டால் ஸ்லீவைப் பைபாஸாக மாற்ற முடியும். அந்த ஒரு கதவு திறந்திருக்கிறது.

பைபாஸ்: ஹார்மோன் மாற்றம் மிகுதி, கண்காணிப்பும் மிகுதி

இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மி.லி. கொள்ளும் சிறு பை ஒன்றைப் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேரடியாக இணைப்பது பைபாஸ். 1960களில் அமெரிக்க அறுவை நிபுணர் எட்வர்ட் மேசன் தொடங்கிய முறையிலிருந்து வளர்ந்தது இது. எஞ்சிய இரைப்பையும் முன்சிறுகுடலும் உள்ளேயே இருக்கும். உணவு மட்டும் அவ்வழியாகப் போகாது.

இந்த மாற்றுப்பாதையால் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. செரிமானம் முடியாத உணவு விரைவாகச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியை அடைவதால், உண்ட பின் ஜி.எல்.பி-1 பல மடங்கு உயர்கிறது. முன்சிறுகுடலை உணவு தொடாததால் அங்கிருந்து எழும் சமிக்ஞைகளும் மாறுகின்றன. நீரிழிவு மேம்படுவதற்கு இவற்றில் எது முதன்மைக் காரணம் என்ற விவாதத்தில் குடலின் கீழ்ப்பகுதிக் கட்சி, மேற்பகுதிக் கட்சி என்று ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாகப் பிரிந்து நிற்கிறார்கள். கிரெலினைப் பொறுத்தவரை பைபாஸின் விளைவு சீரானதல்ல. சில ஆய்வுகளில் வெகுவாக இறங்கியிருக்கிறது, வேறு சிலவற்றில் மாறவே இல்லை.

நீரிழிவில் பைபாஸின் மேன்மைக்குச் சான்று உண்டு. நார்வேயில் நீரிழிவுள்ள 109 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வில், ஓராண்டில் நோய் தணிந்தவர்கள் பைபாஸ் பிரிவில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, ஸ்லீவ் பிரிவில் ஏறத்தாழ பாதி. ஆனால் காலம் செல்லச் செல்ல இந்த வெற்றி கரைகிறது. அமெரிக்காவின் ஸ்டாம்பீட் ஆய்வில், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (எச்.பி.ஏ1சி) 6.0 விழுக்காடு அல்லது அதற்குக் கீழே ஐந்தாம் ஆண்டிலும் இருந்தவர்கள் பைபாஸில் 29, ஸ்லீவில் 23, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 விழுக்காட்டினர். அறுவை செய்தால் நீரிழிவு ஒழிந்துவிடும் என்று சொல்பவர்கள் இந்த மூன்று எண்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஹார்மோன் வாதத்துக்கே ஒரு கடிவாளம் போடும் ஆய்வும் உண்டு. நீரிழிவுள்ள ஒரு பிரிவினர் பைபாஸாலும் மற்றொரு பிரிவினர் உணவுக் கட்டுப்பாட்டாலும் ஏறத்தாழ 18 விழுக்காடு எடையை இழந்தபின் ஒப்பிட்டுப் பார்த்தபோது, இன்சுலின் உணர்திறனிலும் கணையச் செயல்பாட்டிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. 2020இல் வெளியான, பிரிவுக்குப் பதினொருவர் மட்டுமே கொண்ட சிறிய ஆய்வு இது. என்றாலும் பைபாஸின் சர்க்கரைப் பலனில் பெரும்பங்கு எடைக் குறைவிலிருந்தே வருகிறது என்று நம்ப இது இடம் தருகிறது. அப்படியானால் ஹார்மோன்களுக்கு வேலையே இல்லையா என்றால், அந்த 18 விழுக்காட்டை எட்டவும் எட்டியதைத் தக்கவைக்கவும் உதவுவது அவைதான் என்பேன்.

பைபாஸ் கேட்கும் விலை நீளமானது. இரும்பும் கால்சியமும் அதிகம் உட்கவரப்படும் முன்சிறுகுடல் ஒதுக்கப்பட்டுவிடுகிறது. பி12 உட்கவரப்படத் தேவையான இரைப்பைச் சுரப்பு உணவோடு சேர்வது குறைகிறது. கால்சியமும் வைட்டமின் டியும் குறைந்தால் பாராதைராய்டு ஹார்மோன் ஏறி, எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து இரத்தத்துக்குக் கொடுக்கிறது. வெளியே தெரியாமல் பல ஆண்டுகள் நடக்கும் இந்தக் கசிவு எலும்பு முறிவாக வெளிப்படலாம். மாதவிடாய் நின்ற பெண்களும் ஏற்கெனவே எலும்பு வலுக் குறைந்தவர்களும் இதைத் தங்கள் முதல் அளவுகோலாகவே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, உண்ட பின் சர்க்கரை தாழ்வது. பலனைத் தரும் அதே ஜி.எல்.பி-1 மிகையாகச் சுரந்து, இன்சுலினையும் மிகையாகத் தூண்டும்போது, உணவுக்குப் பின் ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் வியர்வை, நடுக்கம், மனக்குழப்பம், அரிதாக மயக்கம்கூட வருகிறது. பெரும்பாலும் அறுவைக்கு ஓராண்டோ அதற்கு மேலோ கழித்துத் தலைகாட்டுவதால், அதற்கும் அறுவைக்கும் உள்ள தொடர்பை நோயாளியும் சில வேளை மருத்துவரும் கவனிக்கத் தவறுகிறார்கள். இது உண்ட சிறிது நேரத்திலேயே வரும் படபடப்பு, வயிற்றுப்போக்கு ஆகியவற்றிலிருந்து வேறானது. பின்னது இனிப்பு விரைவாகக் குடலுக்குள் இறங்குவதால் வருவது. பைபாஸுக்குப் பின் மது விரைவாகவும் கூடுதலாகவும் இரத்தத்தில் ஏறுகிறது. குடிப்பழக்கம் தொற்றிக்கொள்ளும் அபாயமும் கூடுவதால், அத்தகைய வரலாறு உள்ளவர்கள் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

மற்ற அறுவைகள், சுருக்கமாக

இரைப்பையைச் சுற்றிக் கட்டும் பட்டை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. குடல் ஹார்மோன்களை அது ஏறக்குறைய தொடுவதே இல்லை. கிரெலின் இறங்குவதில்லை, ஜி.எல்.பி-1 ஏறுவதில்லை. எடை குறைவது குறைவு, பட்டையை அகற்றவோ சரிசெய்யவோ மறு அறுவை செய்வது அதிகம். இன்று அதைப் புதிதாகத் தேர்வதற்கு வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை. குடலை ஒரே இடத்தில் மட்டும் இணைக்கும் ஒற்றை இணைப்புப் பைபாஸ் எடைக் குறைப்பில் வழக்கமான பைபாஸுக்கு இணையானது. ஆனால் 200 செ.மீ. குடலை ஒதுக்கிச் செய்த பிரெஞ்சு ஆய்வில் வயிற்றுப்போக்கும் சத்துக்குறையும் கூடுதலாக இருந்தன. முன்சிறுகுடலைத் திசைமாற்றும் பேரறுவை சர்க்கரையை மற்ற எல்லாவற்றையும்விட வலுவாகக் குறைப்பது, புரதக்குறை உட்பட எல்லாக் குறைகளையும் வலுவாகத் தருவதும் அதுவே.

ஊசி மருந்து: ஹார்மோனையே வெளியிலிருந்து கொடுப்பது

குடல் இயல்பாகச் சுரக்கும் ஜி.எல்.பி-1 சில நிமிடங்களில் சிதைந்துவிடும். நீடித்து நிற்கும்படி வடிவமைத்த அதன் பிரதியே செமாக்ளூடைட். டிர்செபடைட் என்ற மருந்தோ, ஜி.எல்.பி-1, மற்றொரு குடல் ஹார்மோனான ஜி.ஐ.பி. ஆகிய இரண்டின் வேலையையும் செய்கிறது. 2021இல் வெளியான ஆய்வில் செமாக்ளூடைட் 68 வாரத்தில் உடல் எடையில் சராசரியாக 14.9 விழுக்காட்டைக் குறைத்தது. 2022இல் வெளியான ஆய்வில் டிர்செபடைட் அதிகபட்ச அளவில் 72 வாரத்தில் 20.9 விழுக்காட்டைக் குறைத்தது. (இவை மொத்த எடையின் விழுக்காடுகள். அறுவைக்குச் சொன்னவை மிகை எடையின் விழுக்காடுகள். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஏமாறுபவர்கள் உண்டு.)

இதன் பெரிய வசதி, வேண்டாம் என்றால் நிறுத்திவிடலாம் என்பது. பெரிய இடரும் அதுவே. செமாக்ளூடைட் நிறுத்திய ஓராண்டில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. அறுவையின் செலவு ஒரு முறை வருவது, மருந்தின் செலவு மாதந்தோறும் வருவது; ஆண்டுகளை வைத்துக் கூட்டிப் பார்க்காமல் மருந்து மலிவு என்று முடிவுகட்டக் கூடாது. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் ஆகியவை அடிக்கடி வருபவை. மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் தமக்கோ குடும்பத்திலோ இருந்தவர்கள் இவற்றைத் தவிர்க்க வேண்டும்.

| அளவுகோல் | ஸ்லீவ் | பைபாஸ் | ஊசி மருந்து |
|---|---|---|---|
| கிரெலின் | தெளிவாக இறங்கும் | ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது | நேரடி இலக்கு அல்ல |
| உண்ட பின் ஜி.எல்.பி-1 | உயரும் | பல மடங்கு உயரும் | அதன் வேலையை மருந்து செய்கிறது |
| நீரிழிவு | நல்ல பலன் | கூடுதல் பலன் | நல்ல பலன், எடுக்கும்வரை |
| நெஞ்செரிச்சல் | கூடலாம் | பெரும்பாலும் குறையும் | சிலருக்குக் கூடலாம் |
| சத்துக்குறை, எலும்பு | மிதமான கவலை | பெரிய கவலை | உண்ணும் அளவு வெகுவாகக் குறைந்தால் கவலை |
| திரும்பிவரும் வழி | இல்லை. பைபாஸாக மாற்றலாம் | கடினம், அரிது | நிறுத்தலாம். எடை திரும்பும் |

பாலின ஹார்மோன்களும் தைராய்டும்

இந்தப் பகுதியில் ஸ்லீவுக்கும் பைபாஸுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. எடை குறைவதே இங்கே முதன்மை மருந்து. இன்சுலின் இறங்கும்போது, பாலின ஹார்மோன்களைப் பிணைக்கும் புரதத்தைக் கல்லீரல் கூடுதலாகச் சுரக்கிறது. சினைப்பை நீர்க்கட்டி நோயுள்ள பெண்களிடம் கட்டின்றித் திரியும் ஆண் ஹார்மோன் அதனால் குறைந்து, மாதவிடாய் சீராகத் தொடங்குகிறது. இந்நோயுள்ள 80 பெண்களிடம் பிரிட்டனில் நடத்தி 2024இல் வெளியான ஆய்வில், ஸ்லீவ் செய்துகொண்டவர்களிடம் கருமுட்டை வெளிப்படுவது மருந்துப் பிரிவைவிட இரண்டரை மடங்கு அதிகமாக இருந்தது. உடல் பருமனுள்ள ஆண்களிடம் கொழுப்புத் திசு டெஸ்டோஸ்டீரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடுகிறது. எடை குறைந்த பின் டெஸ்டோஸ்டீரோன் ஏறுகிறது.

பல ஆண்டுகள் குழந்தை இல்லாதிருந்த பெண்களுக்கு இந்த மாற்றம் எதிர்பாராத வேகத்தில் வந்துவிடும். எடை விரைவாக இறங்கும் முதல் 12 முதல் 18 மாதங்களில் கருத்தரிக்க வேண்டாம் என்பதே பொதுவான அறிவுரை. பைபாஸுக்குப் பின் வாய்வழிக் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பியிருக்கவும் கூடாது. டிர்செபடைட் எடுப்பவர்களுக்கும் இந்த இரண்டாவது எச்சரிக்கை பொருந்தும்.

பருமனில் சற்று உயர்ந்து நிற்கும், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச்., எடை குறையும்போது தானே இறங்குவதுண்டு. தைராக்சின் மாத்திரை எடுப்பவர்களுக்கு எடைக்கேற்பத் தேவை குறையலாம். பைபாஸ் செய்தவர்களுக்கு உட்கவர்தல் மாறுவதால் எதிர்த்திசையிலும் போகலாம். அளந்து பார்த்தே அளவை மாற்ற வேண்டும்.

யாருக்கு எது

நீரிழிவு வந்து சில ஆண்டுகளே ஆகி, ஓரிரு மாத்திரைகளோடு கட்டுக்குள் இருப்பவருக்கு இரண்டு அறுவைகளுமே நன்றாக வேலை செய்கின்றன. அவருக்கு ஸ்லீவின் எளிமையை நான் முன்னிறுத்துவேன். நோய் நடுத்தர நிலையில் இருந்தால் பைபாஸின் கூடுதல் பலன் அதன் விலைக்கு ஈடாகிறது. பல ஆண்டுகளாக இன்சுலின் போட்டும் சர்க்கரை அடங்காதவருக்குக் கணையத்தின் சுரக்கும் திறனே தேய்ந்திருப்பதால், எந்த அறுவையிலும் நோய் தணியும் வாய்ப்பு குறைவு. ஆகவே ஆபத்துக் குறைந்ததைத் தேர்வதே நியாயம். அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் மருத்துவர்கள் 2017இல் வகுத்த மதிப்பெண் முறையும் இதே தர்க்கத்தைத்தான் பின்பற்றுகிறது. சி-பெப்டைட் பரிசோதனை கணையத்தில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதைக் காட்டும் என்பதால், முடிவெடுக்கும் முன் அதைக் கேட்டுச் செய்துகொள்ளலாம்.

கடுமையான எதுக்களிப்பு உள்ளவருக்குப் பைபாஸ். எலும்பு வலுவற்றவருக்கும், ஆண்டுதோறும் பரிசோதனைக்கு வர இயலாதவருக்கும் பைபாஸ் வேண்டாம். உடல் நிறைக் குறியீட்டெண் (பி.எம்.ஐ.) 35ஐ எட்டாமல், வேறு வளர்சிதை நோயும் இல்லாதவருக்கு முதலில் ஊசி மருந்து. 2022இல் புதுப்பிக்கப்பட்ட சர்வதேச வழிகாட்டுதல் 35க்கு மேல் எவருக்கும், வளர்சிதை நோய் இருந்தால் 30க்கு மேலும், ஆசியர்களுக்கு 27.5இலிருந்தும் அறுவையைப் பரிசீலிக்கச் சொல்கிறது. அறுவைக்குப் பின் எடை திரும்பியவர்களுக்கும் அதே ஊசி மருந்து கைகொடுக்கிறது என்பதால், ஒன்றைத் தேர்ந்தால் மற்றொன்றை இழந்துவிடுவோம் என்று அஞ்ச வேண்டியதில்லை.

இவற்றில் எதையும் இப்போதைக்குத் தேர்ந்தெடுக்கக் கூடாத ஒரு பிரிவினரும் இருக்கிறார்கள். முகம் வீங்கி உருண்டு, கை கால்கள் மெலிந்து, வயிற்றில் அகன்ற செந்நிறக் கோடுகளோடு, குறுகிய காலத்தில் எடை ஏறியவர்களுக்கு கார்ட்டிசால் மிகையாகச் சுரக்கும் குஷிங் நோய்த்தொகுப்பு இருக்கக்கூடும். இரவு உமிழ்நீர்க் கார்ட்டிசால் அல்லது டெக்சாமெத்தசோன் சோதனை அதைத் தொடக்கத்திலேயே காட்டிவிடும். அது உறுதியானால் அவர்களுக்குத் தேவைப்படும் அறுவை பெரும்பாலும் பிட்யூட்டரியிலோ அட்ரீனலிலோ இருக்கும். இரைப்பையில் கத்தி வைக்க அவசியமே இராது.